காலி கேன்கள் திரும்பும் வழி

அன்புள்ள மிளகுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே வீட்டில் இரண்டு பேருக்கும் குறை ஒன்றுமில்லை, அப்பாவின் இடுப்பு மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு தூங்காமல், யாரோடும் வம்பு வளர்க்காமல் நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். போனில் சொன்னால் நீ மூன்றாவது வாக்கியத்தில் குறுக்கே வருவாய், நான் ஆறாவதில் கத்துவேன், பக்கத்தில் இருக்கும் அப்பா இரண்டு பேருக்கும் பொதுவாக இருமுவார். இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். போன வாரம் நீ அனுப்பிய செய்தியை நான்கு தடவை படித்தேன். பெரியப்பா போனில் அழுதார், அவர் அழுது நான் கேட்டதே இல்லை, அந்தக் காலித் தண்ணீர் கேன்களைக் கொடுத்துவிடு அம்மா, வெறும் பிளாஸ்டிக்தானே என்று எழுதியிருந்தாய். கொடுத்துவிட்டேன் கண்ணு. திங்கட்கிழமையே கொடுத்தாகிவிட்டது. ஆயிரத்து அறுநூறு கேன், ஒன்றுகூடக் குறையாமல். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய்.

லீவுக்கு வந்தபோது உன் பாடப் புத்தகத்தில் ஒரு படம் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா. விநியோகச் சங்கிலி என்று தலைப்புப் போட்டு ஆலை, கிடங்கு, வண்டி, கடை, வீடு என்று கட்டம் கட்டமாக வரைந்து நடுவில் அம்புக்குறிகள். எல்லா அம்பும் இடமிருந்து வலமாகவே போயின. திரும்பி வருகிற அம்பு எங்கே என்று கேட்டேன், உனக்கு எப்பவும் குதர்க்கம்தான் என்று சிரித்தாய். உன் பெரியப்பா கல்லூரிக்குப் போனவர் இல்லை, ஆனால் அவர் மனதிலும் அதே படம்தான் இருந்தது. பிளான்ட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்து கேனில் நிரப்பி மூடி போட்டு சீல் வைத்தால் அதோடு தொழில் முடிந்தது, பிறகு அது தானாக வீடு போய்ச் சேரும், காலி கேன் தானாக வந்து நிற்கும். பதினேழு வருஷம் அப்படித்தான் அவருக்கு நடந்தது. நடுவில் அப்பா இருந்ததால் நடந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவின் வேலையை நீ சின்ன வயதில் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எந்த வீட்டில் மணி அடிக்கக் கூடாது, குழந்தை தூங்கும், கதவில் விரலால் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எந்த ஆபீசில் புதன்கிழமை கூட்டம் நடக்கும், இரண்டு கேன் கூடுதலாக வேண்டும் என்பது தெரியும். தனியாக இருக்கும் அந்தத் தையல்காரப் பாட்டிக்குக் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தும் கொடுக்க வேண்டும். காலி கேனை வாங்கியதும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். யாராவது அதில் மண்ணெண்ணெயோ பினாயிலோ வைத்திருந்தால் அந்த ஒரு கேன் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது கேனை மோந்து பார்த்த மூக்கு அது. எண்ணூறு வாசல். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கேன், ஒன்று ஸ்டாண்டில், ஒன்று கைவசம். ஒரு காலி கேன் வெளியே வந்தால்தான் ஒரு நிறைந்த கேன் உள்ளே போகும். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள், இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே சட்டம் இதுதான்.

நாற்காலி விஷயத்தை உன்னிடம் நாங்கள் சொன்னதே இல்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பதுதான். அதற்கு ஒரு மாதம் முன்னால், இடுப்பு வலி ஆரம்பித்த புதிதில், அப்பா ஒரு நாலாவது மாடிக்குப் பன்னிரண்டு கேன் ஏற்றிவிட்டு வந்து ஆபீஸ் அறையில் தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஹோர்டிங் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் பெரியப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார்கள், ஒரு நாற்காலி குறைந்திருக்கிறது. பெரியப்பா அவர்கள் முன்னாலேயே, "டேய், எந்திரி. சுமக்கிறவனுக்கு எதுக்குடா சுத்துற நாற்காலி, வெளிய படியில உக்காரு, உனக்குத்தான் படி பழக்கமாச்சே" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் கூடச் சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கவிழ்த்து வைத்த ஒரு கேனின் மேல் உட்கார்ந்தாராம். வீட்டுக்கு வந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் நெட்டை டிரைவர்தான் இரண்டு நாள் கழித்துப் படியிறங்கும்போது என்னிடம் சொன்னான், சொல்லிவிட்டு, "அவரு சிரிச்சதுதான் அக்கா எனக்குத் தாங்கல" என்றான். எனக்கும் அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

பிறகு பாகம் பிரித்த நாள். பத்திரத்தைப் பெரியப்பாவே வாசகம் சொல்லி எழுதவைத்தார். அப்பா மெஷினில் ஒரு திருகாணிகூடக் கேட்டுவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். அதனால் ஒவ்வொன்றாகப் பட்டியல் போடாமல் ஒரே வாக்கியமாக அடித்துவிட்டார்: பிளான்ட் கட்டடத்துக்குள் இருப்பது அனைத்தும் மூத்தவருக்கு, கட்டடத்துக்கு வெளியே இருப்பது அனைத்தும் இளையவருக்கு. வெளியே இருப்பது என்று அவர் நினைத்தது வாசலில் நின்ற இரண்டு பழைய வண்டிகளை. எழுதி முடித்ததும் தன் சாமர்த்தியத்தில் அவருக்கே ஒரு பூரிப்பு. நான் தாளை வாங்கி மூன்று தடவை படித்தேன். "படி படி, கதப் புத்தகம் மாதிரி இருக்கும்" என்றார். நான் அந்த நாற்காலியை மட்டும் கேட்டேன். "காகிதத்தப் படிச்சல்ல? உள்ள இருக்கிறது எனக்கு. நாற்காலி உள்ள இருக்கு" என்றார். சரி என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குப் பிளான்ட்டுக்குள் இருந்த கேன் நானூறு. ஊருக்குள் எண்ணூறு வாசலில் இருந்தது ஆயிரத்து அறுநூறு. வாக்கியங்களை மெதுவாகப் படிக்கிற பழக்கம் ஒருத்திக்கு இருந்தால் அது வேறெதற்கும் உதவாவிட்டாலும் இதற்கு உதவும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று நீ குறைப்பட்டுக்கொள்வாயே, அந்தக் குணம்தான்.

முதல் ஆறு மாதம் எதுவும் மாறவில்லை. நம் வண்டிகள் அவருடைய பிளான்ட்டிலேயே நிரப்பிக்கொண்டு போயின, காலி கேன்கள் பழையபடி திரும்பின. ஆனால் படியில் உட்காரச் சொன்ன அந்த வாய் ஒருநாள் சுமையையும் வேறு ஆளிடம் கொடுத்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் மழைக்காலத்திலேயே புறவழிச்சாலைப் பக்கம் பிளான்ட் வைத்திருக்கும் ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல மெஷின், நல்ல தண்ணீர், பாதி நாள் ஷட்டர் இறங்கியே கிடக்கும். "தண்ணி இருக்கும்மா, வாசல்தான் இல்ல" என்று அந்த அம்மா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இத்தனை வருஷம் நம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத விஷயத்தை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். வாசல் நான் தருகிறேன், நீங்கள் இப்போதே கேன் வாங்கி வையுங்கள் என்றேன். மழையில் கேன் தயாரிக்கிறவர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், கேட்ட மறுவாரம் லாரி வரும். வெயில் வந்துவிட்டால் ஆறு வாரம் வரிசையில் நிற்க வேண்டும். பச்சை மூடி போட்ட ஆயிரத்து அறுநூறு புதுக் கேன் அவர் கிடங்கில் வந்து அடுக்கப்பட்ட அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு.

நான் நினைத்தபடியே வெயில் ஆரம்பிக்கும்போது பெரியப்பா ஆறு புது வண்டி வாங்கினார். ஊரெல்லாம் ஏழு ஹோர்டிங், பஸ்ஸின் முதுகில் படம், எல்லாவற்றிலும் அவரே ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஒரு போன் போதும், அரை மணியில் உங்கள் வாசலில் என்று பெரிய எழுத்தில். அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே உன் ஓட்ட வண்டி இந்தப் பக்கம் வர வேணாம், நீ ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டார். பாகப் பத்திரத்தில் கொடுத்த தெருவையும் திருப்பி எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். அப்பா போய்க் காலில் விழாத குறையாகக் கேட்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். அந்தச் சட்டையோடு அவரைப் பச்சை மூடி பிளான்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த ஒன்பது நாளில் எண்ணூறு வாசலிலும் பச்சை மூடி உள்ளே போனது, பெரியப்பாவின் பெயர் பொறித்த நீலக் கேன் காலியாக வெளியே வந்தது. ஒரு வீடு ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் யாருடையது என்று அவர்கள் என்றைக்கும் பார்த்ததில்லை, கதவில் விரலால் தட்டுகிற ஆள் யார் என்றுதான் பார்த்திருக்கிறார்கள். நீலக் கேன்களை எல்லாம் நம் மொட்டை மாடியில் மூன்றடுக்காக அடுக்கினோம், துணி காயப்போட இடமில்லாமல் போனது. அப்பா அங்கேயும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். இனி இது நம் தொழிலுக்கு இல்லை என்றேன், பழக்கம் விடமாட்டேன் என்கிறது என்றார்.

பெரியப்பாவின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். விளம்பரம் பார்த்து ஊரே கூப்பிட்டது. இருந்த நானூறு கேனும் இரண்டே நாளில் புது வீடுகளுக்குப் போய்விட்டன, போன கேன் காலியாகித் திரும்ப ஒரு வாரம் ஆகும், அதற்குள் மெஷின் நிற்க வேண்டியதுதான். தண்ணீர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, ஆறு வண்டி இருக்கிறது, ஏழு இடத்தில் அவருடைய சிரிப்பு இருக்கிறது, ஊற்றப் பாத்திரம் இல்லை. அப்போதுதான் அவருக்குக் கேன் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது தெரிந்தது. நம் வீட்டுக்குப் போன் செய்து என் கேனைக் கொடு என்றார். நான்தான் எடுத்தேன். "காகிதத்தப் படிங்க மாமா, வெளிய இருக்கிறது எங்களுது" என்றேன். இதைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. சொன்னதும் போனை வைத்தேன். அதன் பிறகுதான் அவர் உன்னிடம் அழுதது.

உன் செய்தி வந்ததும் இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு அவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் உன்னைத் தோளில் சுமந்தவர்தான் சுமக்கிறதைக் கேவலமாகச் சொன்னார் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறேன். அவருக்குச் சொல்லியனுப்பினேன்: கேன் அத்தனையும் தருகிறேன், நாற்காலி வர வேண்டும். மறுநாளே வண்டியில் டிரைவரோடு அனுப்பிவைத்தார். அப்படியே திருப்பி அனுப்பினேன். வண்டியில் வருவது வேண்டாம், கேன் எப்படி வீடுகளுக்குப் போகிறதோ அப்படி வரட்டும், அவர் தோளில், மூன்றாவது மாடிக்கு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். நான் மேலே கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். மொத்தம் ஐம்பத்து நாலு படி. நாற்காலியின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் கைப்பிடிக் கம்பியில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. முதல் மாடியில் நின்றார், இரண்டாவதில் நின்றார், அங்கே இருக்கிற ஆசிரியர் வீட்டம்மா கதவைத் திறந்து பார்த்து, "என்ன சார், வீடு மாத்திட்டு வர்றீங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவர் நாற்காலியைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார். கடைசி வளைவில் என்னைப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கழுத்து நரம்பு துடித்தது, அறுபத்திரண்டு வயது. நான் கை கொடுக்கவில்லை. இரக்கம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன் மிளகு, பொய் சொல்லாமல் எழுதுகிறேன், வரவில்லை. இன்னும் ஐம்பது படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது. உள்ளேயிருந்து அப்பா ஓடிவந்து எல்லாவற்றையும் கெடுத்தார். "ஐயோ அண்ணா, என்ன இது, யார்கிட்டயாவது குடுத்தனுப்பக் கூடாதா" என்று நாற்காலியை வாங்கி, நடு ஹாலில் வைத்து, தோளில் கிடந்த துண்டால் தட்டி, "உக்காருண்ணா, மூச்சு வாங்குது பாரு" என்றார். எந்த நாற்காலிக்காக ஒரு வருஷமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அதில் முதலில் உட்கார்ந்தது அவர்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சமையலறைக்குள் போய்விட்டேன்.

தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்து, "என்ன இருந்தாலும் நம்ம தண்ணி தனிதான். எங்க வீட்ல குடிக்கிற அதே ருசி" என்றார். நான் ஆமாம் என்றேன். பிறகு அவருடைய ஆட்கள் வந்து மாடியிலிருந்து ஆயிரத்து அறுநூறையும் இறக்கினார்கள், மாலை வரைக்கும் ஆனது. போகும்போது அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, "வெள்ளிக்கிழம காலைல பாருடா, ஆறு வண்டியும் ஒண்ணா கிளம்புது. பழைய வாசல்ல இருந்தே தொடங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் தலையாட்டினார். அண்ணன் மறுபடி பேசிவிட்டாரே என்பதைத் தவிர அவர் காதில் வேறெதுவும் விழவில்லை. அன்றிலிருந்து உன் அப்பா வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறார். ஆகாத தொண்டை, இருந்தும் பாடுகிறார்.

இப்போது நான் உனக்குப் பாடம் சொன்ன அந்த ஒரே சட்டத்தை ஞாபகப்படுத்திக்கொள். ஒரு காலி கேன் வெளியே வந்தால்தான் ஒரு நிறைந்த கேன் உள்ளே போகும். எண்ணூறு வாசலிலும் இப்போது இருப்பது பச்சை மூடி. அவருடைய ஆள் நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் எடுத்துவர அவர்களிடம் நீலக் காலி இல்லை, எங்கள் காலியை எடுத்தால் திருட்டு, மூன்றாவதாக வைத்துக்கொள்ள எந்த வீட்டிலும் இடமில்லை. ஆயிரத்து அறுநூறையும் இந்நேரம் நிரப்பி சீல் வைத்துக்கொண்டிருப்பார்கள். விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட புது வீடுகளும் தண்ணீர் வராமல் இந்நேரம் வேறு ஆளைப் பிடித்திருக்கும். வெள்ளிக்கிழமை அத்தனையும் போன வண்டியிலேயே திரும்பி வரும். அவர் கேனைத்தான் கேட்டார், நான் கேனைக் கொடுத்தேன். வாசலை அவர் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றாததுதான் அவருடைய வியாதி. உன் படிப்பில் இதற்கு ஒரு கௌரவமான பெயர் வைத்திருப்பார்கள். நான் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன். இது பழி. என்னால் இதில் ஒரு முப்பது தெருவை அவருக்கு விட்டுக்கொடுக்க முடியும், அப்பாவின் பாட்டு நிற்காது, நீ சந்தோஷப்படுவாய். நேற்றெல்லாம் அதை யோசித்தேன். படியில் உட்காரச் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பு நடுவில் வந்து நின்றுகொண்டது. ஒரு தெருவும் விடவில்லை.

கடிதமாக எழுதியதன் இரண்டாவது காரணம் இதுதான். இன்று புதன். தபால் உன் கைக்கு வர ஆறு நாளாகும். போனில் சொன்னால் நீ தடுப்பாய், நீ தடுத்தால் நான் நிறுத்திவிடுவேன், அந்தப் பயத்தில்தான் மெதுவாகப் போகிற வழியாகப் பார்த்து அனுப்புகிறேன். இதை நீ படிக்கும்போது வெள்ளி தாண்டியிருக்கும், பெரியப்பா இன்னொரு தடவை உன்னிடம் அழுதிருப்பார். அவருக்கு ஆறுதல் சொல், அது உன் கடமை, நான் கோபிக்க மாட்டேன். அப்பாவிடமும் பேசு, பாட்டு நின்றுபோயிருக்கும், அதற்கு நான் மட்டும்தான் பொறுப்பு, அதை அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு ஆறுதல் வேண்டாம்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பெரியப்பாவின் மெஷின் நின்ற மூன்றாம் நாள் பெரியம்மா எனக்குத் தனியாகப் போன் செய்தார். "ஊருக்கே தண்ணி விக்கிறவரு வீட்ல குடிக்கத் தண்ணி இல்லடி. ரெண்டு கேன் அனுப்பு, அவருக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா மானம் போச்சும்பாரு" என்றார். வீட்டிலிருந்த நீலக் கேன்களையும் அவர் நிரப்பிப் புது வீடுகளுக்கு அனுப்பிவிட்டிருந்தாராம். நெட்டை டிரைவரிடம் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பினேன். பச்சை மூடியை மட்டும் பெரியம்மா கழற்றி ஒளித்துவைத்துவிட்டாராம். பத்து நாளாகப் பெரியப்பா ருசித்துக் குடிக்கிற தண்ணீர் அதுதான். வெள்ளிக்கிழமை ஆறு வண்டியும் கிளம்பும்போது மங்களகரமாக இருக்கட்டும் என்று முதல் கேனை அவர் தன் சொந்த வீட்டுக்குத்தான் அனுப்பப் போகிறாராம், பெரியம்மாதான் சொன்னார். நீலக் காலி இல்லை, இடமில்லை என்று சொல்லப்போகிற முதல் வாசல் அவருடையதுதான்.

நீ நல்லபடியாகப் படித்து, யார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லப்படாத இடத்தில் உட்கார வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு முழுதாக உண்டு. உன் அறைக்குத் தண்ணீர் கேன் கொண்டுவருகிறவருக்கு மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் உட்காரச் சொல், நாற்காலியில். மறக்காதே.

இப்படிக்கு,
உன் மேல் எந்தக் கோபமும் இல்லாத
அம்மா